சொல்லக் கூசும் நோய்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று கையொப்பமின்றி வந்தது. எழுதியவர் கல்லூரி விடுதியொன்றிலே தங்கி, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர். இரண்டு மாதமாக மலத்துடன் சளி போன்ற ஒன்று போகின்றதாம். சில நாட்களில் வயிறு முறுக்கி வலிக்கின்றதாம். விடுதி நண்பர் ஒருவர் "இது உடற்சூடு" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அதனை நம்பி இளநீர் குடித்தும், எண்ணெய் தேய்த்து முழுகியும் பார்த்தாராம், மாறவில்லை. "அம்மாவுக்குச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. ஐயாவுக்குச் சொல்லப் பயமாயிருக்கிறது. இது புற்றுநோயா?" என்ற கேள்வியுடன் கடிதம் முடிகின்றது.

இக்கடிதத்தை நாம் இருமுறை வாசித்தோம். வைத்தியர் ஒருவர் முதலிற் கேட்கக்கூடிய கேள்விக்கு அதில் விடையில்லை. சளியுடன் இரத்தமும் போகின்றதா என்பதே அக்கேள்வி. இல்லை என்பதால் எழுதாமல் விட்டாரோ, எழுதக் கூசி விட்டாரோ, நாம் அறியோம். பெயரில்லாக் கடிதத்திற்கு மறுமொழி அனுப்ப வழியில்லை. ஆகவே இவ்வாரப் பகுதியை அவருக்கும், அவரைப்போல வாய்திறவாது இருக்கும் ஏனையோருக்குமாக ஒதுக்கினோம். நாம் வைத்தியரல்லேம். வைத்திய நூல்கள் கூறுவனவற்றைக் கற்று, வீட்டாருக்குப் பயன்படும் வகையில் எடுத்துச் சொல்வதே எமது வேலை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், குடும்பத்தார் எல்லோரும் வாசிக்கும் பக்கத்தில், மலத்தைப் பற்றி எழுதலாமா என்று முகஞ்சுளிப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவோம். சைவப் பிள்ளைகளுக்காகச் சைவ வினாவிடை இயற்றிய நாவலர் பெருமான், நித்திய கருமங்களைச் சொல்லுமிடத்து மலசல மோசனத்தையும் சௌசத்தையும் விதி முறையாக எழுதினார். அவர் கூசவில்லை. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் வைத்தியர், மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, தமிழில் நூல்களையும் வெளியிட்டார். ஆதலால் இவற்றைச் சொல்ல எம்மொழியிற் சொல் இல்லை என்பதும் பொருந்தாது. சொல் உண்டு, சொல்லத்தான் கூசுகின்றோம்.

முதலில் இச்சளி என்பது யாது எனப் பார்ப்போம்.

எமது மூக்கின் உட்புறம் எவ்வாறு எப்பொழுதும் ஈரமாயும் வழுவழுப்பாயும் இருக்கின்றதோ, அவ்வாறே குடலின் உட்புறமும் இருக்கின்றது. குடலின் உட்சுவரிலே கிண்ணம் போன்ற வடிவமுடைய சிறுகலங்கள் எண்ணிறந்தன உண்டு. அவை இடைவிடாது சளியைச் சுரக்கின்றன. இச்சளி மலம் வழுக்கிச் செல்ல உதவுகின்றது. குடலிற் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடற்சுவரை நெருங்காது தடுக்கின்றது. பெருங்குடலில் இச்சளி இரண்டு படைகளாக அமைந்திருக்கின்றதென்றும், சுவரையொட்டிய உட்படையில் நுண்ணுயிர்கள் அநேகமாக இல்லையென்றும் 2008ஆம் ஆண்டில் சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். எனவே சளி நோயன்று. அது வீட்டின் மதில் போன்றது. சுகதேகியின் மலத்திலும் சிறிதளவு சளி உண்டு. அது கண்ணுக்குத் தோன்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியுமளவு அடிக்கடி வெளிப்படுமாயின், மதிலின் உட்புறத்தில் ஏதோ உறுத்தல் நிகழ்கின்றது என்பதே பொருள். அவ்வுறுத்தல் அற்பமானதாகவும் இருக்கலாம், அற்பமல்லாததாகவும் இருக்கலாம்.

அற்பமானவற்றை முதலிற் சொல்வோம். பலருக்குக் காரணம் மலச்சிக்கலே. இறுகிய மலம் குடலை உரசும்பொழுது, குடல் தன்னைக் காத்துக்கொள்ளச் சளியை அதிகமாகச் சுரக்கின்றது. காலையிற் பாடசாலைக்கு ஓடும் அவசரத்தில் மலத்தை அடக்கும் பிள்ளைகளுக்கும், தண்ணீர் குடிக்க மறந்து மேசையிலிருந்து வேலை செய்வோருக்கும் இது வருவதுண்டு. கீரை, பழம், தவிடு நீக்காத அரிசி, போதிய தண்ணீர், நாள்தோறும் ஒரே நேரத்தில் அவசரமின்றி மலங்கழிக்கும் பழக்கம் ஆகியவற்றால் இது பெரும்பாலும் சீர்ப்படும். வயிற்றோட்டம் மாறிய பின்னரும் சில நாட்களுக்குச் சளி போகலாம். அதுவும் தானே நீங்கும்.

அடுத்தது குடலின் உறுத்தல் நோய். இந்நோயில் குடலிற் புண்ணுமில்லை, கட்டியுமில்லை. ஆயினும் குடலின் அசைவும் அதன் உணர்ச்சியும் ஒழுங்கு தவறுகின்றன. வயிறு உப்புதல், வலித்து மலங்கழிந்ததும் வலி மாறுதல் அல்லது குறைதல், சில நாள் இறுக்கமும் சில நாள் இளக்கமும், இவற்றுடன் வெண்மையான சளி என்பன இதன் குறிகள். மனக்கலக்கம் இதனைக் கூட்டும். பரீட்சை மண்டபத்து வாசலில் வயிறு கலங்குவதை அறியாத மாணவர் உளரா? குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புகள் வழியாக ஓயாத போக்குவரத்து உண்டு. இந்நோய் தொல்லை தருமேயன்றி உயிருக்கு ஊறு செய்வதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆயினும் இதில் ஒரு விதி உண்டு. இந்நோயால் இரத்தம் போவதில்லை, காய்ச்சல் வருவதில்லை, உடல் மெலிவதில்லை, நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம் உண்டாவதும் இதற்கு இயல்பன்று. இவற்றுள் ஒன்று இருப்பினும் வேறு காரணம் தேடவேண்டும். எமக்கு எழுதிய தம்பியின் நோய் இதுவாக இருக்கலாம். ஆனால் அதனை முடிவு செய்ய வேண்டியவர் அவரல்லர், விடுதி நண்பருமல்லர், நாமுமல்லேம்.

இனி, எம்முன்னோர் சீதபேதி என்றும் வயிற்றுளைவு என்றும் அழைத்த தொற்றுநோயைப் பார்ப்போம். சீதம் என்று அவர்கள் சொன்னது இச்சளியையே. வயிறு முறுக்கும், ஓயாது மலம் வருவது போலிருக்கும், போய் இருந்தாற் சிறிது சளியும் இரத்தமுமே வரும். இது இருவகைக் கிருமிகளால் உண்டாகின்றது. ஒன்று பற்றீரியா. 1897ஆம் ஆண்டில் யப்பான் தேசத்தைச் சீதபேதி வாட்டியபொழுது, கியோசி சிகா என்னும் வைத்தியர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். அவர் பெயராலேயே அது சிகெல்லா எனப்படுகின்றது. இது திடீரெனத் தொடங்கும், காய்ச்சல் இருக்கும். பத்து முதல் நூறு கிருமிகள் வயிற்றுட் சென்றாலே நோயுண்டாகக் கூடுமாதலால், கையிலிருந்து கைக்கு எளிதிற் பரவும். ஒரு விடுதிக்கோ ஒரு வீட்டுக்கோ ஒருவர் கொண்டுவந்தால் மற்றவர்க்கும் வருவது இதனாலேயே. அதே 1897ஆம் ஆண்டில் இலங்கையில் இயற்றப்பட்ட தொற்றுநோய்த் தடைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உண்டு. வைத்தியர்கள் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கவேண்டிய நோய்களுள் வயிற்றுளைவும் ஒன்று. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீடு தேடி வருவது குற்றம் பிடிப்பதற்கன்று. கிணற்றையும் அயலையும் காப்பதற்கேயாம்.

மற்றையது அமீபா. 1875ஆம் ஆண்டில் உருசிய தேசத்தின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் லோஷ் என்னும் வைத்தியர் இதனை நோயாளியின் மலத்திற் கண்டார். இது மெல்லத் தொடங்கி, வாரக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல் பெரும்பாலும் இராது. அதனாலே பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இவ்வமீபா குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்துடன் கலந்து, ஈரலை அடைந்து அங்கே சீழ்க்கட்டியை உண்டாக்கவும் வல்லது. யாழ்ப்பாணத்திலே இந்த ஈரற்கட்டி பல ஆண்டுகளாக வைத்தியர்கள் நன்கறிந்த நோய். அங்கே இதனை ஆராய்ந்தவர்கள், நோயுற்றோரிற் பெரும்பாலானோர் கள்ளருந்தும் ஆண்கள் எனக் கண்டனர். காய்ச்சலும் வலப்பக்க விலாவின் கீழ் வலியும் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றுளைவு வராவிடினும், வைத்தியரைக் காண்பதில் நாளைக் கடத்தலாகாது.

இவ்விடத்தில் மலப்பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை. நோய் செய்யும் அமீபாவும், நோய் செய்யாத அதன் உறவினமொன்றும் நுணுக்குக்காட்டியில் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையன. ஆகவே "அமீபா உண்டு" என்ற ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் தாமாகவே குளிகை வாங்கி விழுங்குவது அறிவுடைமையன்று. பரிசோதனைக்குக் கொடுக்கும் மலம் புதிதாக இருத்தல் வேண்டும், சிறுநீர் கலத்தலாகாது, சளியும் இரத்தமும் உள்ள பகுதியையே எடுத்தல் வேண்டும், இயன்றவரை அரைமணி நேரத்துள் ஆய்வுகூடத்திற் சேர்ப்பித்தல் நன்று. உயிருள்ள அமீபா ஆறிய மலத்தில் விரைவில் இறந்துவிடும். காலையில் எடுத்ததை மாலையிற் கொண்டுசென்று "ஒன்றுமில்லை" என்ற முடிவைப் பெறுவதால் யாருக்குப் பயன்? மருந்து தொடங்குமுன் பரிசோதிப்பதும் அவசியம்.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இரத்தமும் சளியும் போகுமாயின் வேறு இரு நோய்களை நினைக்கவேண்டும். ஒன்று பெருங்குடலின் உட்புறம் தானே அழன்று புண்ணாகும் நோய். இதனை இலண்டன் வைத்தியர் சாமுவேல் வில்க்ஸ் 1859ஆம் ஆண்டில் விபரித்தார். கிருமி எதுவுமின்றி, உடலின் காவற்படை தன் குடலையே தாக்குவதால் இது உண்டாகின்றது. பதினைந்து முதல் முப்பது வயதிற்கிடையே தொடங்குவது அதிகம். மேனாட்டு நோயெனக் கருதப்பட்ட இது ஆசிய நாடுகளிலும் இப்பொழுது கூடிவருகின்றது. முற்றாக நீக்க இயலாவிடினும், இன்றைய மருந்துகளால் அடக்கி வைத்துப் படிக்கவும், தொழில் செய்யவும், மணஞ்செய்து பிள்ளை பெறவும் இயலும். காலந் தாழ்த்தினால் மட்டுமே அது கொடியதாகின்றது.

மற்றையது பெருங்குடற் புற்றுநோய். இதைப் பற்றி நூலிற் படித்ததைச் சொல்லுமுன், கண்டதைச் சொல்கின்றோம்.

ஆசிரியர் அறையில் எமக்கு அடுத்த கதிரையில் பல்லாண்டு இருந்தவர் எம் நண்பர் ஒருவர். கணிதம் படிப்பித்தவர். இளமையில் அவருக்கு மூலநோய் இருந்தது. ஐம்பது வயது கடந்தபின் மலத்துடன் சளியும் இரத்தமும் காணப்பட்டபொழுது, "பழைய மூலம் திரும்பிவிட்டது" என்று தாமே முடிவு செய்தார். கருணைக்கிழங்கு உண்டார், காரத்தை விட்டார், கடையில் தைலம் வாங்கினார். மனைவிக்கும் சொல்லவில்லை. அவர் மெலிவதை நாம் கண்டோம். சீனி வருத்தத்திற்காகச் சோற்றைக் குறைத்ததாகச் சொன்னார், நம்பினோம். வகுப்பின் நடுவே இருமுறை எழுந்து போனதையும் கண்டோம். கேட்பது மரியாதையன்று என்று இருந்துவிட்டோம். இறுதியில் வைத்தியரிடம் சென்ற நாளில் நாமும் உடன் சென்றோம். "எத்தனை நாளாக?" என்று வைத்தியர் கேட்டார். "எட்டு மாதம்" என்றார் நண்பர். வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். கட்டி அப்பொழுதே ஈரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

கூசியவர் அவர் மட்டுமல்லர், நாமும் கூசினோம். அக்கேள்வியை ஆறு மாதம் முன்னதாக நாம் கேட்டிருக்கலாம்.

பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் சிறு முளையாகத் தொடங்கி, பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகின்றது. முளையாக இருக்கும்பொழுதே, குழாய் வழியே உள்ளே பார்த்து அகற்றிவிடலாம். குடலைத் தாண்டிப் பரவுமுன் கண்டவர்களிற் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்வதாக மேனாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. தூரத்து உறுப்புகளுக்குப் பரவியபின் கண்டவர்களிலோ ஐவரில் ஒருவருக்கும் அந்த வாய்ப்பில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ளது பெரும்பாலும் காலமே. மூலம் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்றொரு விதியுமில்லை. மூலத்தில் இரத்தம் பெரும்பாலும் சிவப்பாக மலத்தின் மேலே அல்லது கழுவும்பொழுது தெரியும். சளியுடனும் மலத்துடனும் கலந்து வரும் இரத்தத்தை மூலமென்று வீட்டிலிருந்து தீர்ப்புச் சொல்லலாகாது.

கைக்குழந்தைகளின் செய்தி வேறு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் இளகி மஞ்சளாய், சிறிது சளியுடன் இருப்பது இயல்பு. தடிமனுள்ள குழந்தை மூக்குச் சளியை விழுங்குவதாலும் மலத்திற் சளி தோன்றும். குழந்தை பால் குடித்து, விளையாடி, நிறை கூடிவருமாயின் தாய் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் சளியுடன் இரத்தம் கலந்திருந்தால் வைத்தியருக்குக் காட்டவேண்டும். பசுப்பாலின் புரதம் ஒவ்வாமையும் சில குழந்தைகளுக்குக் காரணமாகின்றது. ஒரு குறி மட்டும் தாய்மார் மனத்திற் பதிய வேண்டியது. நன்றாயிருந்த குழந்தை திடீரென வீரிட்டழுது, முழங்காலை வயிற்றுடன் மடக்கி, சிறிது நேரம் ஓய்ந்து, மீண்டும் அவ்வாறே அழுது, வாந்தியெடுத்து, சிவந்த களி போன்ற மலம் கழிக்குமாயின், குடலின் ஒரு பகுதி மறு பகுதியினுள் நுழைந்து சிக்கியிருக்கக்கூடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இது அதிகம். அது விடியும்வரை பொறுக்கும் நோயன்று. சிவந்த மலம் வரும்வரையும் காத்திராது, அந்நேரமே வைத்தியசாலைக்குக் கொண்டோட வேண்டும். வாகனம் இல்லையெனின் 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எப்பொழுது யாரிடம் செல்வது என்பதைச் சுருக்கிச் சொல்வோம். வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைக்க விரும்புவோர் ஒட்டிவைக்கலாம்.

உடனே செல்லவேண்டியவர்கள்: அதிக இரத்தம் அல்லது தார்போன்ற கரிய மலம் போகிறவர்கள், கடுமையான, விட்டு நீங்காத வயிற்று வலியோ, வயிறு கல்லாகுதலோ உள்ளவர்கள், இரத்தத்துடன் கடுங் காய்ச்சலும் உள்ளவர்கள், குடித்ததெல்லாம் வாந்தியாகி, நாவரண்டு, சிறுநீர் குறைந்து, தலைசுற்றிச் சோர்ந்தவர்கள், இரத்தமும் சளியும் கழியும் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர்.

ஓரிரு நாளிற் செல்லவேண்டியவர்கள்: சிறிதளவேனும் இரத்தம் கலந்த சளி போகும் எவரும், மூன்று நாளுக்கு மேல் மாறாத வயிற்றோட்டமுள்ள பெரியோர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உண்டபின் வயிற்றோட்டம் தொடங்கியவர்கள்.

அவசரமில்லை, ஆயினும் தவறாது செல்லவேண்டியவர்கள்: இரத்தமின்றியே இரண்டு மூன்று வாரத்திற்கு மேல் சளி போகிறவர்கள், காரணமின்றி மெலிகிறவர்கள், இரத்தசோகை கண்டவர்கள், நாற்பத்தைந்து, ஐம்பது வயதின்பின் மலங்கழிக்கும் வழக்கம் மாறியவர்கள், பெற்றோருக்கோ சகோதரருக்கோ குடற் புற்றுநோய் வந்தவர்கள்.

வைத்தியரைக் காணும்வரை வீட்டிற் செய்யவேண்டுவது அதிகமில்லை. வயிற்றோட்டமாயின் ஜீவனிப் பைக்கற்றை அதில் அச்சிட்டுள்ள அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். ஒருநாள் கடந்த கரைசலை ஊற்றிவிடவேண்டும். கஞ்சி, மோர், இளநீர், வாழைப்பழம் ஆகியன நல்லன. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. பட்டினி போடுதல் பழைய தவறு. வயிற்றோட்டமுள்ள பிள்ளைகளுக்கு 10 முதல் 14 நாள் வரை நாகச்சத்து மருந்து கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 2004ஆம் ஆண்டிற் கூறின; வைத்தியரைக் கேட்டுக் கொடுக்கலாம். இரத்தமும் சளியும் போகும்பொழுது வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிகை விழுங்குவது ஆபத்து. கள்வனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது போன்றது. சென்ற முறை மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லிக் குளிகைகளை எடுத்து விழுங்குவதும் அத்தகையதே.

வருமுன் காத்தலோ மிக எளிது. மலசலகூடத்தால் வந்தவுடனும், உண்ணுமுன்னும், சமைக்குமுன்னும், குழந்தையைக் கழுவியபின்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. குடிநீரைக் கொதிக்கவைத்து ஆற்றுக. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலே மலக்குழியின் கசிவு பாறை வெடிப்புகளூடாகக் கிணற்றுக்கு எளிதிற் செல்லுமாதலால், தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீரன்று. மாரியில் இன்னும் கவனம் வேண்டும். விடுதிகளை நடத்துவோர் பிள்ளைகளின் கைகழுவுமிடத்திற் சவர்க்காரம் இருக்கின்றதா என்று நாள்தோறும் பார்ப்பார்களாக. ஒரு சவர்க்காரக் கட்டியின் விலை பெரிதன்று.

இனி, கையொப்பமிடாத தம்பிக்கு. நீர் கேட்ட கேள்விக்கு எமது விடை இது: உமது வயதிற் புற்றுநோய் மிக அரிது, உறுத்தல் நோயோ கிருமித் தொற்றோ இருப்பதற்கே அதிக இடமுண்டு. ஆனால் இரண்டு மாதம் நீண்டுவிட்டது. இளநீரும் முழுக்கும் செய்யவேண்டியதைச் செய்து முடித்தன. இனி வைத்தியர் பார்க்கட்டும். இரத்தம் உண்டாயின் நாளைக்கே செல்க. இல்லையாயின் இவ்வாரத்துள் செல்க. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பகுதியிற் பணம் கேட்கமாட்டார்கள். வைத்தியரிடம் மூன்று விடயம் சொன்னாற் போதும்: எப்பொழுது தொடங்கியது, இரத்தம் உண்டா இல்லையா, இரவில் எழுப்புகின்றதா. வாயாற் சொல்லக் கூசினால் ஒரு துண்டில் எழுதிக் கொடும். எமக்கு அவ்வளவு ஒழுங்காகக் கடிதம் எழுதிய உமக்கு அது அரிதன்று.

அம்மாவிடமும் சொல்லும். சிறுவயதில் உம்மைக் கழுவித் துடைத்தவர் அவர். அவரிடம் வெட்கப்பட என்ன இருக்கின்றது?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையிடம் புள்ளிகளைக் கேட்கின்றோம், பாடங்களைக் கேட்கின்றோம். "வயிறு எப்படி?" என்றும் இடைக்கிடை கேட்போம். அந்தக் கேள்வியை ஒருமுறை கேளாது விட்டவர்களாகிய நாம் இதனைச் சொல்கின்றோம்.